வானத்துக் கதிர்வீச்சும் அம்மாவின் மேமோகிராமும்

கேள்வி: என் மனைவிக்கு வயது 61. இரண்டு வருடங்களுக்கு முன் இடது மார்பில் புற்றுநோய் வந்தது. மார்பை எடுத்துவிட்டு, கீமோ கொடுத்து, 15 நாள் கரண்ட் (கதிர்வீச்சுச் சிகிச்சை) வைத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள். தினமும் ஒரு மாத்திரை மட்டும் போடுகிறாள். மகள் அமெரிக்காவில் சான் ஹோஸேயில் இருக்கிறாள். ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறாள். ஏழாம் மாதம் வளைகாப்புக்கு ஊருக்கு வந்துவிட்டு, திரும்பும்போது பிரசவத்துக்குத் துணையாக எங்கள் இருவரையும் அழைத்துப் போவதாக ஏற்பாடு. இதற்கிடையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. அமெரிக்காவுக்கு ஒரு தடவை பறந்தால் 100 எக்ஸ்ரே எடுத்ததற்குச் சமமாம். வடதுருவம் வழியாகப் போனால் இன்னும் மோசமாம். சூரியக் கதிர்வீச்சில் விமானத்தின் கம்ப்யூட்டரே கெட்டுப்போனதாகவும் பத்திரிகையில் படித்தோம். "எனக்கு உள்ள கோட்டா அப்பவே முடிஞ்சிட்டு, இனி ஒரு துளி கதிர்கூட உடம்புல படக்கூடாது" என்கிறாள் மனைவி. மகளோ, துபாய் வழியாக மாறி வந்தால் வயிற்றுப் பிள்ளைக்கு நல்லதா என்று கேட்கிறாள். கொழுந்தியாளின் மகள் ஒருத்தி போன வருடம்தான் விமானப் பணிப்பெண் வேலையில் சேர்ந்தாள். அவள் தினமும் பறக்கிறாளே, அவள் கதி என்ன? இந்தப் பயத்தில் மனைவி வருடாவருடம் எடுக்க வேண்டிய மேமோகிராமையும் (மார்பக எக்ஸ்ரே) மூன்று மாதமாகத் தள்ளிப்போட்டு வருகிறாள்.

– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். புற்றுநோய் மருத்துவமனையில் மருத்துவ இயற்பியலாளராகவும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலராகவும் இருப்பவன் நான். கதிரை அளப்பதும், அது படக்கூடாத இடத்தில் படாமல் பார்த்துக்கொள்வதும்தான் என் வேலை. அந்த இடத்தில் இருந்துகொண்டு சொல்கிறேன்: நீங்கள் எழுதியவற்றில் அம்மாவுக்கு நிஜமாகவே ஆபத்தானது ஒன்றுதான், அது மேமோகிராமைத் தள்ளிப்போடுவது. விமானப் பயணத்தில் அப்படி ஒரு ஆபத்து இல்லை.

இரண்டு மார்புகளையும் சேர்த்து எடுக்கும் மேமோகிராமில் உடம்புக்குச் சேரும் கதிர் சுமார் 0.4 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிரை அளக்கும் அலகு இது). அம்மாவுக்கு வலது பக்கம் மட்டும் எடுத்தால் போதும் என்பதால் அதில் பாதிதான் வரும். ஒரு பக்கம் புற்றுநோய் வந்து குணமானவர்களுக்கு மறுபக்கத்தில் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிடக் கூடுதல். அதைக் கைக்குத் தட்டுப்படும் முன்பே கண்டுபிடிக்கத்தான் இந்தப் படம். தயவுசெய்து விமான டிக்கெட்டுக்கு முன்னால் இதற்கு நாள் குறித்துவிடுங்கள்.

இனி 'கோட்டா' விஷயம். எங்களிடம் வரும் நோயாளிகளில் பாதிப்பேர் இதைக் கேட்டுவிடுகிறார்கள். மனித உடம்புக்கு ஆயுளுக்கு இவ்வளவு கதிர்தான் என்று ஒரு அளவு எங்கேயும் கிடையாது. பொதுமக்களுக்கு வருடத்துக்கு 1 மில்லிசீவர்ட், கதிர்வீச்சுத் தொழிலாளர்களுக்கு ஐந்து வருட சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட் என்று வரம்புகள் இருப்பது உண்மை. அவை ஆலைகளையும் மருத்துவமனைகளையும் கட்டுப்படுத்த வைத்தவை. நோயாளி சிகிச்சைக்காகவும் பரிசோதனைக்காகவும் வாங்கும் கதிரையும், இயற்கையாக மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் வருவதையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. வெளியிலிருந்து வைத்த கரண்ட், கருவியை நிறுத்திய நொடியிலேயே முடிந்துபோனது. உடம்பில் அது தங்கியிருக்காது. தங்காத ஒன்றின் மேல் புதிதாக ஒன்று வந்து சேர்ந்து நிரம்பி வழிவதற்கும் வழியில்லை.

அளவையும் பாருங்கள். 15 நாள் சிகிச்சை என்றால் பெரும்பாலும் 40 கிரே (ஓர் இடத்தில் பாய்ச்சும் கதிரை அளக்கும் அலகு) கொடுத்திருப்பார்கள். ஒரு நாளைக்கு சுமார் 2.7 கிரே. அது அந்த ஒரு பக்கத்து மார்புச் சுவரில், மிச்சமிருக்கக்கூடிய புற்றணுக்களை அழிப்பதற்கென்றே குறிபார்த்துக் கொடுத்தது. உடம்பு முழுவதும் பரவலாகப் படும் விமானக் கதிரோடு அதை நேருக்கு நேர் வைத்து ஒப்பிடக்கூடாது. அதனால் சிகிச்சையின்போது மற்ற இடங்களில் சிதறிப் பட்டதை மட்டும் எடுத்துக்கொள்வோம். எதிர்ப்பக்க மார்பில் சிதறிப் பட்டதே, அமெரிக்காவுக்குப் போய்வருவதில் கிடைக்கும் மொத்தத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் இருக்கும். அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான், அதைவிட நன்மை பல மடங்கு பெரியது என்று மருத்துவர்கள் முடிவெடுத்திருக்கிறார்கள். விமானக் கதிர் பட்டு, அடங்கிய நோய் மறுபடி கிளம்பும் என்று அம்மா பயப்பட வேண்டாம். பழைய புற்றுநோயை எழுப்பிவிடும் வேலை அதற்குக் கிடையாது.

விமானத்தில் கிடைக்கும் கதிர் எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஆசிரியர், விவரம் தெரிந்தால்தான் வீட்டில் எடுத்துச் சொல்ல முடியும்.

1912 ஆகஸ்ட் மாதத்தில் ஆஸ்திரிய இயற்பியலாளர் விக்டர் ஹெஸ், கதிரை அளக்கும் கருவிகளோடு பலூனில் ஏறி 5 கிலோமீட்டருக்கு மேல் போனார். கதிர் எல்லாம் பூமியிலிருந்துதான் கிளம்புகிறது என்று அன்று பலரும் நம்பியிருந்தார்கள். அப்படியானால் மேலே போகப் போகக் குறைந்திருக்க வேண்டும். அவருடைய கருவிகளில் தலைகீழாக, ஓர் உயரத்துக்குப் பிறகு ஏறிக்கொண்டே போனது. அதே வருடம் ஏப்ரலில் சூரிய கிரகணத்தின்போதும் பறந்து பார்த்தார். அப்போதும் குறையவில்லை. ஆகவே இது சூரியனிலிருந்து மட்டும் வருவதல்ல, அதற்கும் அப்பால் இருந்து வருவது என்று முடிவுக்கு வந்தார். 1936-ல் அதற்காக நோபல் பரிசு கிடைத்தது. அண்டக் கதிர்கள் என்று நாம் சொல்வது இதைத்தான். பெரும்பகுதி புரோட்டான்கள். ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் வந்து நம் காற்று மண்டலத்தில் மோதி, நியூட்ரான், மியூவான் என்று பல துகள்களாகச் சிதறி இறங்குகின்றன. இந்தக் கடிதத்தைப் படிக்கும் இந்த நொடியிலும் உங்கள் உள்ளங்கை வழியாக ஒரு மியூவானாவது கடந்து போய்க்கொண்டுதான் இருக்கும். நாம் பிறந்ததிலிருந்து அப்படித்தான்.

தரையில் இருக்கும் நம்மைக் காப்பது தலைக்கு மேல் உள்ள காற்று. கடல் மட்டத்தில் நமக்கு மேலே உள்ள காற்றின் எடை, 10 மீட்டர் ஆழமுள்ள தண்ணீருக்குச் சமம். கிணற்றின் அடியில் நாம் வாழ்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானம் 11, 12 கிலோமீட்டர் உயரத்துக்குப் போனதும் அந்தத் தண்ணீரில் இரண்டு, இரண்டரை மீட்டர்தான் மேலே மிஞ்சுகிறது. விமானத்தின் அலுமினியத் தகடு இந்தக் கதிருக்கு ஒரு பொருட்டே அல்ல. ஜன்னல் ஓரமா, நடுவிலா, எந்த வரிசை என்பதிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஜன்னல் திரையை இறக்கிவிட்டால் தூக்கம் வரும், அவ்வளவுதான்.

காற்றைத் தவிர இன்னொரு காவலும் உண்டு. அது பூமியின் காந்தப்புலம். அதில் நம் ஊர்ப்பக்கம் கொடுத்துவைத்தது. மின்னேற்றம் உள்ள துகள்கள் காந்தக் கோடுகளைக் குறுக்கே கடந்து வருவது கடினம். நில நடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் அவை குறுக்கேதான் கடந்தாக வேண்டும். அதனால் மிகப் பலமான துகள்கள்தான் உள்ளே நுழைகின்றன. துருவங்களிலோ அந்தக் கோடுகளின் வழியாகவே இறங்கிவிடலாம், தடுப்பார் இல்லை. உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று இந்தியா முதல் ராக்கெட்டை விட்டதே, அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம், பூமியின் காந்த நடுக்கோடு அதை ஒட்டிப் போகிறது என்பதுதான். தென்னிந்தியாவுக்கு மேலே இந்தக் காந்தக் காவல், உலகத்திலேயே மிகப் பலமான இடங்களில் ஒன்று. ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம் அண்டக் கதிர்களைக் கவனிக்க நடத்தும் 'கிரேப்ஸ்-3' ஆய்வகமும் இந்தக் காவல் பகுதிக்குள்தான் இருக்கிறது. பூமியின் மற்றப் பகுதிகளில் எளிதில் நுழைந்துவிடும் துகள்கள் அங்கே எட்டிப்பார்ப்பதில்லை.

இதனால்தான் விமானம் பறக்கும் உயரத்தில் நம் பக்கம் மணிக்கு 2 முதல் 3 மைக்ரோசீவர்ட்தான் வருகிறது. வட அட்லாண்டிக், கனடா, ஆர்க்டிக் மேலே பறக்கும்போது மணிக்கு 5 முதல் 8 வரை போகும். மைக்ரோ என்பது மில்லியில் ஆயிரத்தில் ஒன்று. திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடாவுக்கு நாலு மணி நேரம் பறந்தால் 10 மைக்ரோசீவர்ட் அளவில்தான் வரும். உங்கள் மாவட்டத்திலிருந்து துபாய், மஸ்கட் என்று போய்வரும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் இதைப் பற்றி நினைக்கவே வேண்டியதில்லை.

அமெரிக்கப் பயணத்துக்கு வருகிறேன். பெங்களூருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நேரடி விமானம் என்றால் 16, 17 மணி நேரம். 2021 ஜனவரியில் கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் பெண்களே கொண்ட விமானிகள் குழு, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வடதுருவத்துக்கு மேலாகப் பெங்களூருக்கு ஓட்டிவந்தார்களே, அந்தத் தடம். அதில் ஒரு வழிக்கு 0.07 முதல் 0.1 மில்லிசீவர்ட் வரை கிடைக்கும். போய்வர அதிகபட்சம் 0.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மார்பு எக்ஸ்ரே கருவியைப் பொறுத்து 0.02 முதல் 0.1 வரை. எனவே ஒரு வழிப் பயணம் சில எக்ஸ்ரேக்களுக்குச் சமம் என்பதுதான் சரி. 100 என்பது கட்டுக்கதை. மார்பு சி.டி. ஸ்கேன் ஒன்று 5 முதல் 7 மில்லிசீவர்ட். அம்மாவுக்கு நோய் கண்டபோது நிச்சயம் ஒன்றாவது எடுத்திருப்பார்கள். அந்த ஒன்றுக்கு ஈடாக அவர் 50 தடவைக்கு மேல் அமெரிக்காவுக்குப் பறக்க வேண்டியிருக்கும்.

எக்ஸ்ரேயை விட்டுவிடுங்கள். உலகத்தில் ஒரு மனிதருக்கு இயற்கையிலிருந்தே வருடத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. மண், சுவர், மூச்சில் போகும் ரேடான் வாயு, சாப்பாடு எல்லாம் சேர்த்து. அமெரிக்காவுக்குப் போய்வருவது அதிகபட்சம் இதில் ஒரு மாதப் பங்குதான். நீங்களோ மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் இருப்பவர்கள். அங்கே கடற்கரைக் கறுப்பு மணலில், கதிர்வீசும் தோரியம் கொண்ட மோனசைட் தாது கலந்திருப்பது 1909 முதல் தெரிந்த விஷயம். அதே மணல் அதிகமாக உள்ள கொல்லம் மாவட்டக் கருநாகப்பள்ளிக் கடலோரத்தில் சில இடங்களில் வெளிப்புறக் கதிர் வருடத்துக்கு 70 மில்லிகிரே (இங்கே மில்லிசீவர்ட் மாதிரியே வைத்துக்கொள்ளலாம்) வரை போகிறது. அந்தப் பகுதி மக்களில் ஏறக்குறைய 70,000 பேரைத் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தார் சராசரியாகப் பத்து வருடங்களுக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். மண்ணிலிருந்து கூடுதலாகக் கதிர் வாங்கியவர்களுக்குப் புற்றுநோய் கூடுதலாக வந்ததாகத் தெரியவில்லை. மணல் அள்ளுவதையும் அதைப் பிரிக்கும் ஆலையையும் பற்றி உங்கள் கடலோர மக்களுக்கு இருக்கும் கவலை வேறு. தூசியும், கடலரிப்பும், வாழ்வாதாரமும் அதில் இருக்கின்றன. அதை நான் தள்ளுபடி செய்யவில்லை. வருடத்துக்குச் சில மில்லிசீவர்ட் என்ற அளவோடு மனிதர்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வருகிறார்கள் என்பதற்காக மட்டும் இதைச் சொன்னேன்.

எவ்வளவு சிறிய கதிருக்கும் ஒரு சிறிய ஆபத்து உண்டு என்று வைத்துக்கொண்டுதான் எங்கள் துறை கணக்குப் போடுகிறது. பாதுகாப்பின் பக்கம் சாய்ந்த கணக்கு அது. அதன்படி பார்த்தாலும் 0.2 மில்லிசீவர்டால் புற்றுநோய் வரக்கூடிய வாய்ப்பு ஒரு லட்சத்தில் ஒன்று. 61 வயதில் அதைவிடவும் குறைவு. கதிரே படாமல், இந்தியாவில் ஒருவருக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஒன்பதில் ஒன்று என்று 2022-ல் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுக் கணக்கு சொன்னது. இந்த இரண்டு எண்களையும் அம்மாவிடம் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். பேரப்பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருக்கும் வாய்ப்பை விட்டுக்கொடுக்கிற அளவுக்கு இதில் ஒன்றுமில்லை என்பது அவருக்கே தெரிந்துவிடும்.

கம்ப்யூட்டர் கெட்டுப்போன செய்தி 2025 நவம்பர் இறுதியில் வந்தது. ஏர்பஸ் ஏ320 வகை விமானங்களின் கட்டுப்பாட்டுக் கணினியில் பலத்த சூரியக் கதிர்வீச்சால் தரவு பிழையாகலாம் என்று நிறுவனமே அறிவித்து, உலகம் முழுக்கச் சுமார் 6,000 விமானங்களில் திருத்தம் செய்யச் சொன்னது. நம் நாட்டு விமானங்களும் அதில் உண்டு. ஒரு துகள் ஒரு சிப்பில் பட்டு அதில் பதிந்த ஒரே ஒரு பூஜ்யத்தை ஒன்றாக்கிவிட்டாலே கணக்கு தவறிவிடும். அதனால்தான் அவ்வளவு அவசரம் காட்டினார்கள். உடம்பு அப்படி இல்லை. கதிர் இல்லாமலே நம் ஒவ்வொரு செல்லிலும் தினமும் ஆயிரக்கணக்கான மரபணுச் சேதங்கள் நேர்ந்து, உடனுக்குடன் சரியாகிக்கொண்டே இருக்கின்றன. எனவே கணினிச் செய்தியை உடம்புக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

சூரியன் எப்போதாவது பலமாகச் சீறும்போது, துருவத் தடத்தில் சில மணி நேரத்துக்குக் கதிர் கூடுவது உண்மை. 1956 பிப்ரவரி 23-ல் வந்ததுதான் அளவிட்டுப் பதிவானவற்றில் பெரியது. 2005 ஜனவரி 20-லும் ஒன்று வந்தது. அப்படிப்பட்டவை அபூர்வம். 2019 நவம்பர் முதல், சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் ஏற்பாட்டில் விண்வெளி வானிலை எச்சரிக்கைகள் விமான நிறுவனங்களுக்குப் போகின்றன. எச்சரிக்கை வந்தால் விமானி உயரத்தைக் குறைப்பார், அல்லது துருவத்தை விட்டுத் தெற்கே இறங்கிய பாதையில் போவார். துருவத்தில் வானொலித் தொடர்பு அறுந்துபோகும் என்பதும் அவர்களுக்கு ஒரு காரணம். பயணி செய்ய வேண்டியது எதுவுமில்லை.

மகளின் கேள்விக்கு வருகிறேன். துபாய் வழியாக மாறினாலும் அவள் நினைக்கிற பலன் கிடைக்காது. துபாயிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் குறுக்குப் பாதையே ஆர்க்டிக்கை ஒட்டித்தான் போகிறது. தவிர, இங்கிருந்து துபாய் வரை பறக்கும் மணி நேரமும் கூடுகிறது. கதிருக்காகப் பாதையை மாற்ற வேண்டாம். வயிற்றுப் பிள்ளையோடு எத்தனை தடவை ஏறி இறங்க வேண்டும், இடையில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதைப் பார்த்து எது சௌகரியமோ அதை எடுக்கட்டும்.

தாய்க்கு எவ்வளவோ, ஏறக்குறைய அதே அளவு பிள்ளைக்கும் படும். தாயின் உடம்பு இந்தக் கதிரைத் தடுக்காது. பிள்ளையின் உறுப்புகளில் ஊனம் உண்டாக 100 மில்லிகிரேவாவது தேவை என்பது பல காலமாக நிலைபெற்ற மருத்துவ அறிவு. அந்த அளவுக்கு ஆயிரம் தடவை பறந்திருக்க வேண்டும். அதுவும் உறுப்புகள் உருவாகும் முதல் மூன்று மாதம் தாண்டிவிட்டது. கர்ப்பிணித் தொழிலாளர்களின் வயிற்றுப் பிள்ளைக்கென்று சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் வரம்பு 1 மில்லிசீவர்ட். வந்துபோகும் பயணம் அதில் ஐந்தில் ஒரு பங்கு. வளைகாப்புக்குத் தாராளமாக வரட்டும்.

அவள் கவனிக்க வேண்டியது நாள் கணக்கு. ஏழாம் மாதம் என்று நாம் சொல்வது 28 வாரத்தை ஒட்டி வரும். 28 வாரம் தாண்டினால் பல விமான நிறுவனங்கள் மருத்துவரின் சான்று கேட்கின்றன. 36 வாரம் வரை ஏற்றுவார்கள் என்றாலும், நீண்ட பயணத்துக்கு அதற்கு முன்பே மறுக்கும் நிறுவனங்களும் உண்டு. இரட்டைப் பிள்ளை, ரத்த அழுத்தம், நஞ்சுக்கொடி கீழே இருப்பது போன்ற சிக்கல்கள் இருந்தால் விதியே வேறு. நல்ல நாள் பார்ப்பதற்கு முன்னால் டிக்கெட்டின் விதியைப் பார்த்துவிடுங்கள். வளைகாப்பை ஒரு வாரம் முன்னே பின்னே வைத்துக்கொள்ளலாம், திரும்பும் விமானத்தைத் தவறவிட்டால் சிரமம். அவளுடைய மகப்பேறு மருத்துவரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கி வரட்டும்.

கதிரைவிட நான் கவலைப்படுவது கால்களைப் பற்றி. 16 மணி நேரம் மடக்கிய காலோடு உட்கார்ந்தால் கெண்டைக்கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையலாம். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகளுக்கும், புற்றுநோய் வந்தவர்களுக்கும் இந்த வாய்ப்பு சாதாரணமாகவே கூடுதல். உங்கள் வீட்டில் இருவருமே அப்படி. அம்மா தினமும் போடுவது டமாக்ஸிஃபென் என்றால் அதுவும் கொஞ்சம் கூட்டும். லெட்ரோசோல் போன்றவை என்றால் அந்தக் கவலை குறைவு. மாத்திரை அட்டையைப் பாருங்கள். பயணத்துக்குச் சில வாரம் முன்பே புற்றுநோய் மருத்துவரிடம் போய், காலுக்கு அழுத்தக் காலுறை வேண்டுமா, ஊசி வேண்டுமா என்று கேளுங்கள். நீங்களாக ஆஸ்பிரின் எதுவும் கொடுக்காதீர்கள். நடைபாதை ஓர இருக்கை வாங்கி, ஒன்று இரண்டு மணிக்கொரு தரம் எழுந்து நடக்கச் சொல்லுங்கள். தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால் இடது கையால் கனமான பையை மேலே தூக்கி வைக்க வேண்டாம். அந்த வேலையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் நடந்து கடக்கும் வாசல் உலோகத்தைக் காட்டும் கருவி, அதில் எக்ஸ்ரே இல்லை. அமெரிக்காவில் கையைத் தூக்கி நிற்கச் சொல்லும் கூண்டிலும் இல்லை. ஒருகாலத்தில் லேசான எக்ஸ்ரே உள்ள கூண்டுகள் அங்கே இருந்தன, 2013-ல் எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்தக் கூண்டு, உள்ளாடைக்குள் வைத்திருக்கும் செயற்கை மார்பைக் காட்டிக்கொடுத்து, தடவிப் பார்க்க அழைப்பார்கள். அம்மா திடுக்கிட்டுப் போகக்கூடாது. முன்கூட்டியே பெண் அலுவலரிடம் சொல்லிவிடலாம். தனி அறையில் பார்க்கச் சொல்லிக் கேட்பதற்கு அவருக்கு உரிமை உண்டு. மகள் பக்கத்தில் நிற்கட்டும்.

கடைசியாக, உங்கள் கொழுந்தியாள் மகள். நீங்கள் கேட்டவற்றில் என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது இதுதான். பயணிகளைப் பற்றி எனக்குக் கவலையில்லை, அவளைப் பற்றி உண்டு.

விமானப் பணியாளர்கள் வருடத்துக்கு 800, 900 மணி நேரம் வரை பறக்கிறார்கள். எந்தத் தடம் என்பதைப் பொறுத்து 2 முதல் 5 மில்லிசீவர்ட் வரை சேரும். நாங்கள் புற்றுநோய் மருத்துவமனையில் கதிர்க் கருவிகளுக்கு நடுவில் வேலை பார்ப்பவர்கள், உடம்பில் பட்ட கதிரைப் பதிவு செய்யும் டி.எல்.டி. பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொள்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை ஆய்வகத்துக்கு அனுப்பினால், எங்களில் பெரும்பாலோருக்குப் பூஜ்யம், அல்லது அதை ஒட்டித்தான் முடிவு வருகிறது. சுவரும் காரீயமும் எங்களைக் காக்கின்றன. அந்தப் பெண்ணுக்கு அப்படி எந்தச் சுவரும் இல்லை. எங்களைவிடக் கூடுதலாக வாங்குகிறவர்கள் தாங்கள் கதிர்வீச்சுத் தொழிலாளர்கள் என்பதே தெரியாமல் வேலை பார்க்கிறார்கள். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 1990-லேயே விமானப் பணியாளர்கள் வாங்கும் கதிரைத் தொழில் சார்ந்த கதிராகவே கணக்கிட வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 1996-ல் அதை விதியாக்கியது. வருடத்துக்கு 1 மில்லிசீவர்டுக்கு மேல் போகக்கூடியவர்களுக்கு அங்கே நிறுவனமே கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்தால் பணியை மாற்ற வேண்டும். இதற்குப் பேட்ஜ்கூடத் தேவையில்லை. உயரம், பாதை, நாள் மூன்றையும் கொடுத்தால் ஒவ்வொரு பயணத்துக்கும் கதிரைக் கணக்கிடும் மென்பொருட்கள் இருக்கின்றன. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் உருவாக்கிய 'காரி' அதில் ஒன்று.

நோய் வருமா என்று கேட்டால், 2018-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் அமெரிக்க விமானப் பணிப்பெண்கள், பணியாளர்கள் 5,000-க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்ததில், பொதுமக்களைவிட மார்பகப் புற்றுநோயும் தோல் புற்றுநோயும் அவர்களிடம் கூடுதலாக இருந்தது தெரிந்தது. அதற்குக் கதிர்தான் காரணம் என்று அந்த ஆய்வைக் கொண்டு சொல்ல முடியாது. இரவு பகல் மாறி மாறி வேலை பார்ப்பதும், தாமதமாகப் பிள்ளை பெறுவதும் மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ளவை. அந்தத் தொழிலில் இவையெல்லாம் பின்னிக்கிடக்கின்றன. வேலையை விட்டுவிடச் சொல்லுமளவுக்கு இது பெரிதல்ல. தொழிலாளர் வரம்பான 20 மில்லிசீவர்டுக்கு அவள் வெகு கீழேதான் இருப்பாள். உள்நாட்டுத் தடங்களிலும் வளைகுடாத் தடங்களிலும் மட்டும் பறந்தால் நான் சொன்ன எண்ணின் கீழ்க்கோடியில்தான் நிற்பாள்.

அவளிடம் இதைச் சொல்லுங்கள். பறந்த ஒவ்வொரு தடத்தையும், நேரத்தையும், முடிந்தால் உயரத்தையும் ஒரு நோட்டில் எழுதி வரட்டும். பல வருடம் கழித்து யாராவது கணக்குக் கேட்டால் அவளிடம் ஆதாரம் இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை தன் கதிர் அளவைக் கணக்கிட்டுத் தருமாறு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்கட்டும். ஒருத்தி தனியாகக் கேட்பதைவிடக் கூட வேலை பார்ப்பவர்களும் சேர்ந்து கேட்டால் பதில் வரும். நாளை கல்யாணமாகிப் பிள்ளை உண்டானால், நாள் தள்ளிப்போன உடனேயே பரிசோதித்து, அன்றைக்கே நிறுவனத்திடம் சொல்ல வேண்டும். மூன்று மாதம் ஆகட்டும், ஊருக்குச் சொல்லலாம் என்று நாம் காத்திருக்கும் வழக்கம் இந்தத் தொழிலுக்கு ஆகாது. நீண்ட வடக்குத் தடங்களில் தொடர்ந்து பறந்தால், பிள்ளைக்கான அந்த 1 மில்லிசீவர்ட் வரம்பு இரண்டு மூன்று மாதங்களிலேயே நிரம்பிவிடக்கூடும். முதல் கணக்கைப் போட அவளுக்குச் சிரமமாக இருந்தால், ஒரு மாதத்துப் பணிப்பட்டியலை இந்தப் பகுதிக்கு அனுப்பச் சொல்லுங்கள். நான் போட்டுத் தருகிறேன்.